முதல்ல அவுட் ஆனவன்

எங்க ராஜா மகுடேஸ்வரனுக்கு யானைப்படை இருந்துச்சு, ஏழு சுத்துக் கோட்டை இருந்துச்சு, இங்கிலீஷ் மட்டும் வரல. வரலைன்னா விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? அதான் இல்ல. தனக்கு வராததைச் சபைக்கே கத்துக்கொடுக்கணும்னு கிளம்பிட்டாரு. அரண்மனையில பெரிய ஸ்க்ரீன் மாட்டியாச்சு. அதுல தினமும் பட்டணத்துலேர்ந்து பிரகதீஸ்வரன் வாத்தியார் ஆன்லைன்ல வருவாரு. விளையாட்டாவே இங்கிலீஷ் சொல்லித் தர்றாராம். விளையாடினது அவங்க, வெந்தது நான்.

நான் செங்கோடன். சபையில வாதாடுறது என் வேலை. எதிர்ல தூண் நின்னாலும் அதுகிட்ட அரை மணி நேரம் சண்டை போடுவேன். ஆனா தமிழ்லதான். இங்கிலீஷ்ல தெரிஞ்சது "எஸ் சார்", "நோ சார்" ரெண்டு மட்டும். எதை எங்க சொல்லணும்னு தெரியாததால ரெண்டையும் சேர்த்தே சொல்லிடுவேன்.

ராஜாவுக்கு ரொம்பப் பிடிச்ச விளையாட்டு "கிங் சேஸ்", அதாவது "ராஜா சொல்றாரு". "கிங் சேஸ், சிட்"னு அவர் சொன்னா எல்லாரும் உட்காரணும். வெறும் "சிட்"னா அசையக் கூடாது. அசைஞ்சா அவுட். நாலு வாரமா முதல் ஆளா அவுட் ஆனது யாருன்னு வேற சொல்லணுமா?

மந்திரி அரியநாயகத்துக்கு என்மேல காண்டு. போன மாசம்தான் அவர் பேச்சைச் சபையில கிழிச்சுத் தொங்கவிட்டிருந்தேன்.

"மகாராஜா, நாளைக்கு அவுட் ஆகறவன் சபை வேலையை விட்டுட்டு அரண்மனை எல்கேஜியில போய் உட்காரட்டும். இங்கிலீஷ் வர்ற வரைக்கும்"னாரு.

எனக்கு வர்ற வரைக்கும்னா அது ஆயுள் தண்டனை!

"ஏன் மந்திரியாரே, அந்தக் குட்டி நாற்காலியில என்னோட பாதிகூட அடங்காதே?"

"மீதியை வெளியில வச்சுக்கோ."

சபையே சிரிச்சுது. சட்டத்தையும் அந்த மனுஷனே எழுதினாரு. சபைக்குள்ள இருக்கற எல்லாரும் ஆடணும், காவலன், சமையல்காரன் உட்பட. தமிழ்ல சொன்ன கட்டளை செல்லாது. யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது, வாத்தியார்கூட மியூட்லதான் இருக்கணும். மணி அடிச்சாதான் ஆட்டம் முடியும். அதுவரைக்கும் ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கக் கூடாது. படிச்சுப் பார்க்காமலே ராஜா முத்திரை போட்டாரு.

மறுநாள் ஆட்டம் ஆரம்பிச்சுது.

"கிங் சேஸ், சிட்!" உட்கார்ந்தோம்.

"கிங் சேஸ், கிளாப்!" தட்டினோம்.

"ஸ்டாண்ட்!"

எழுந்துட்டேன்.

நாப்பது பேர் உட்கார்ந்திருக்காங்க, நடுவுல நான் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி.

"அவுட்!" மந்திரி குரல்ல அப்படி ஒரு சந்தோஷம்.

"காவலா, இவனை எல்கேஜிக்குக் கூட்டிட்டுப் போ!"ன்னாரு ராஜா.

பயம் வந்தா எனக்குக் கால் ஓடாது, வாய்தான் ஓடும். "டேய் காவலா, அசையாதே! ராஜா 'கிங் சேஸ்' சொல்லல. சொன்னதும் தமிழ்ல. நகர்ந்தே, நாளைக்கு என் பக்கத்துல உட்கார்ந்து 'ஏ ஃபார் ஆப்பிள்' சொல்லுவே!"

காவலன் மூச்சுகூட விடல.

"கிங் சேஸ்... கூட்டிட்டுப் போ!"

"பாதி தமிழ், மகாராஜா. செல்லாது. எழுத்து மந்திரியாரோடது, முத்திரை உங்களோடது."

ராஜா மூஞ்சி சிவந்துபோச்சு. யோசிச்சு யோசிச்சு, "கிங் சேஸ், கோ!"ன்னு கத்தினாரு. மொத்தச் சபையும் எழுந்து வாசலுக்கு நடந்துச்சு. முதல் ஆளா மந்திரி.

நான் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

"நீ ஏன்டா போகல?"

"நான்தான் அவுட் ஆயிட்டேனே, மகாராஜா. அவுட் ஆனவன் எங்கயாவது ஆடுவானா?"

"ஐயோ! கிங் சேஸ், கம்! கம்!" எல்லாரும் திரும்பி வந்தாங்க. ஸ்க்ரீன்ல வாத்தியார் ரெண்டு கையையும் ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுறாரு.

"அவர் ஏன் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடறாரு?"

"மியூட்ல இருக்காரு, மகாராஜா."

"எடுத்து விடுங்கடா அந்த மியூட்டை!"

ஒருத்தனும் அசையல. சொன்னது தமிழாச்சே.

மத்தியானம் ஆச்சு. சமையல்காரன் தட்டோட உள்ள வந்தான். நெய்ச்சோறு, வறுத்த கோழி. வாசலைத் தாண்டினதும் அவனும் ஆட்டத்துல சேர்த்தி. அப்படியே நின்னுட்டான்.

"இங்க கொண்டு வாப்பா."

அசையல.

பசியில ராஜாவுக்குச் சட்டுனு ஒரு வார்த்தை ஞாபகம் வந்துச்சு. "கிங் சேஸ், ஈட்!"

சமையல்காரன் திருதிருன்னு முழிச்சான். அப்புறம் கோழிக்காலை எடுத்துக் கடிச்சான். "மன்னிச்சுக்கோங்க மகாராஜா, உங்க கட்டளை"ன்னு வாய் நிறையச் சொல்லிட்டு அடுத்த காலையும் எடுத்தான்.

ராஜாவுக்கு அழுகையே வந்துடுச்சு. "மணியை அடிச்சு ஆட்டத்தை முடிங்கடா!"

மணிக்காரன் கல்லு மாதிரி நின்னான்.

"செங்கோடா, மணியடிக்கறதுக்கு இங்கிலீஷ்ல என்னடா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் மகாராஜா எல்கேஜிக்குப் போறேன்?"

சொல்லிட்டு மெதுவா ரெண்டு அடி நடந்தேன். ராஜா கண்ணு விரிஞ்சுது.

"டேய், நீ நடக்கறே!"

"இந்தச் சபையில கைகாலை இஷ்டத்துக்கு ஆட்டக்கூடியவன் நான் ஒருத்தன்தான், மகாராஜா."

"அப்ப போய் அடிடா!"

"அடிக்கறேன். அந்த எல்கேஜி?"

"ரத்து!"

"என் சபை வேலை?"

"உனக்கேதான்! அடிச்சுத் தொலை!"

அடிச்சேன். சபையே பெருமூச்சு விட்டுச்சு. ராஜா அடுத்த தட்டு வரவழைச்சுச் சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் சிரிச்சாரு. "பலே! இவ்வளவும் யோசிச்சுத்தான் வேணும்னே எழுந்து அவுட் ஆனியா?"

மந்திரி என்னையே முறைக்கறாரு. "ஆமா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னிக்கு எனக்குச் சிலையே வச்சிருப்பாங்க. வாய் கேக்கலையே.

"இல்ல மகாராஜா. 'ஸ்டாண்ட்'னீங்க, எழுந்துட்டேன். மூளை அதுக்கப்புறம்தான் எழுந்துச்சு."

ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. கழுத்துல இருந்த முத்துமாலையைக் கழட்டி என் கழுத்துல போட்டாரு. "ஆபத்துக்கு உதவ ஒரு ஆள் வேணும்டா. இனிமே வாராவாரம் முதல்ல அவுட் ஆகறதுதான் உன் உத்தியோகம். முடியுமா?"

"பயிற்சியே வேண்டாம், மகாராஜா."