பத்து ஊர் பெறும் சேவல்

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டைச் சித்திரகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை, ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். சித்திரை மாதம் ஒருநாள் அவன் மாடத்தில் நிற்கையில் வெள்ளைச் சேவல் ஒன்று கூவியது. அதே சமயம் எல்லையில் படை ஜெயித்த செய்தியும் வந்து சேர்ந்தது. இந்தச் சேவல்தான் ஜெயித்துக் கொடுத்தது என்று சொல்லி, அதன் காலில் தங்கத் தண்டை பூட்டி, ஒரு கிராமத்தையே எழுதி வைத்துவிட்டான்.

அவ்வளவுதான், நாட்டுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. இன்று வெள்ளைச் சேவல் வாங்கியவன் நாளைக்கே இரண்டு மடங்குக்கு விற்றான். பெண் கேட்டுப் போனால் மாப்பிள்ளைக்கு எத்தனை சேவல் என்றுதான் முதலில் விசாரித்தார்கள். சேவல் வைத்திருந்தவன் ஊர்த் தலைவனானான். பூபதிராயர் என்ற பிரபு, ராஜாவின் சேவலுக்கு உடன்பிறந்த அண்ணன் இது என்று வெள்ளித் தண்டை பூட்டிய ஒரு சேவலை ஏந்திக்கொண்டு சபைக்கு வந்தார். மறுநாளே ராஜாவின் வலப்பக்கத்து ஆசனம் அவருக்குக் கிடைத்தது. அதுவரை அங்கே உட்கார்ந்திருந்தவர் மந்திரி மருதவாணர்.

ஆசனம் போனதுகூட மருதவாணருக்குப் பெரிதில்லை. ஆனி மாதம் ஆற்றுத்துறையில் பார்த்ததுதான் பெரிது. சேவல் வாங்கக் கையில் காசில்லாத குடியானவர்கள், மலைக்கு அப்பாலிருந்து வந்த வியாபாரிகளிடம் உழவு மாடுகளை விற்றுவிட்டார்கள். ஜோடி ஜோடியாக மாடுகள் ஆற்றைக் கடந்து போயின. பார்த்தார், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ராஜா குஷியாக இருக்கும்போது குறுக்கே போய் விழ எவனுக்குத் துணிச்சல் வரும்? புத்திசாலி மந்திரிக்கும் பயம் பயம்தானே.

ஆடி பிறந்தது, ஆற்றில் புது வெள்ளம் வந்தது. ராஜா தன் கையால் முதல் ஏர் பூட்டவேண்டிய நாள். உழவு மாடு தேடிப்போன சேவகர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பூபதிராயர் அசருவாரா? என் சேவல் ஒன்றே பத்து ஊர் பெறும், இதுபோல் நாலைந்தை விற்றால் அண்டை நாட்டு நெல்லெல்லாம் நம்முடையது, உழுவது ஏழை நாட்டான் வேலை என்று அடித்துவிட்டார். ராஜாவும் தலையை ஆட்டினான்.

இனியும் பேசாமல் இருந்தால் தை மாதம் ஜனங்களுக்குச் சோறில்லை. மருதவாணர் எழுந்து, சேவல் வெறும் சேவல்தான் மகாராஜா என்றார். ஆசனம் பறிபோன வயிற்றெரிச்சல் என்று பூபதிராயர் இளித்தார். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"மந்திரியாரே, பூபதிராயரின் சேவல் ஒன்றுக்கும் ஆகாது என்று நாளைக்குள் என் வாயாலேயே சொல்ல வையும். முடியாவிட்டால் உம் தலை உமக்கில்லை."

மருதவாணர் நேரே பூபதிராயரிடம் போனார். வீடு, வாசல், நிலம் எல்லாவற்றையும் அவருக்கே எழுதிக் கொடுத்து அந்தச் சேவலை வாங்கினார். வீடு கைமாறுவதற்கு முன் கடைசியாக ஒரு விருந்து என்று சொல்லி, மறுநாள் மத்தியானம் ராஜாவையும் சபையாரையும் அழைத்தார். இலை போட்டுச் சோறு வைத்து, ஆவி பறக்கக் குழம்பு ஊற்றினார்கள். ராஜா ஒரு துண்டைக் கடித்தான், இழுத்தான், மென்று பார்த்தான், துப்பிவிட்டான்.

"என்ன கறி ஐயா இது? ஒன்றுக்கும் ஆகாத கிழட்டுச் சேவல். நாய்க்குப் போடும்."

மருதவாணர் ஒரு தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அதில் வெள்ளை இறகும், வெள்ளித் தண்டை பூட்டிய இரண்டு கால்களும் கிடந்தன.

"போட்டுவிடலாம் மகாராஜா. ஆனால் தாங்கள் துப்பியது பத்து ஊர்."

ராஜா தட்டையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். பூபதிராயரின் தலைப்பாகையைக் கழற்றச் சொல்லி, மிச்சக் குழம்பு முழுவதையும் அவரே தின்று தீர்க்கவேண்டும் என்று உத்தரவு போட்டான். மந்திரிக்கு வீடும் ஆசனமும் திரும்பி வந்தன. பட்டுச் சால்வையும் யானைமேல் ஊர்வலமும் கூடுதல். சேதி பரவி, பொழுது சாய்வதற்குள் சேவல்களைச் சீந்துவாரில்லை. ஜனங்கள் கூண்டைத் திறந்து தெருவில் விட்டுவிட்டார்கள்.

யானை ஊர் எல்லையைத் தாண்டியபோது சேற்றில் வேம்பையன் என்ற குடியானவன் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். நுகத்தடியில் மாடு இல்லை. அவன் தம்பியும் பெண்டாட்டியும் தோள் கொடுத்து இழுத்தார்கள். மருதவாணருக்கு மேலே உட்கார்ந்திருக்க முடியவில்லை, இறங்கி வரப்புக்கு வந்தார்.

"ராஜா ரொம்பச் சிரிச்சாராமே, சாமி?" என்று வேம்பையன் கேட்டான்.

"சிரித்தார்."

"இந்தக் குழம்பை ஆனி மாசமே வச்சிருந்தா நாங்களும் சிரிச்சிருப்போம்."

அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மந்திரி அரண்மனைக்குத் திரும்பினார். பட்டுச் சால்வையைத் திருப்பிக் கொடுத்து, அரண்மனை வண்டி மாடுகளை உழவுக்குக் கேட்டார். ராஜா தாராளமாகக் கொடுத்தான். ஆனால் பாவம், அத்தனை நிலத்துக்கு அந்த மாடுகள் எந்த மூலைக்கு? அந்த வருஷம் வெண்ணாவல் நாட்டில் வீட்டுக்கு வீடு சேவல் குழம்பு கொதித்தது; ஊற்றிக்கொள்ளத்தான் சோறில்லை.