குருசம்மா வீட்டு ஆவுளியாப் பொண்ணு

ஒரு தீவுல ஒரு பொம்பள இருந்தா. தீவு பேரு கள்ளித்திட்டு, அவ பேரு குருசம்மா. கருவாடு காயப்போட்டுப் பொழைக்கிறவ. அவளுக்கு மூணு பிள்ளை பொறந்துச்சு, மூணும் தங்கல. புருஷனும் காய்ச்சல்ல போய்ட்டான். அப்புறம் அவளும் ஒரு குடிசையும் ஒரு ஆடும் நாலு பானையும்தான்.

கேக்குறியா?

ம்.

அந்தத் தீவைச் சுத்திக் கடலுக்கு அடியில புல்லு மொளச்சிருக்கும். அதை மேயுறதுக்கு ஆவுளியாக் கூட்டம் வரும். ஆவுளியான்னா கடல்பசுடா. மொழுமொழுன்னு, சாம்பக் கலர்ல, எருமைக்கன்னு தண்டி இருக்கும். ஆனா இந்த ஆவுளியாங்க வேற மாதிரி. வருஷத்துல ஒரு நாள், மழையெல்லாம் ஓய்ஞ்சு கடல் எண்ணெய் மாதிரி கிடக்கும்ல, அன்னைக்குக் கரையேறும். தோலைக் கழட்டி மணல்ல வைக்கும். உள்ளேயிருந்து ஆம்பளையும் பொம்பளையுமா எந்திரிச்சு வருவாங்க. வெயில்ல உக்காந்து தலை காயவைப்பாங்க, பேசுவாங்க, சிரிப்பாங்க. பொழுது சாயுறப்போ தோலை மாட்டிக்கிட்டு, சலக் சலக்னு கடல்ல இறங்கிடுவாங்க.

ஒரு வருஷம் அப்படி உக்காந்திருக்கையில திடீர்னு விர்ர்ருனு காத்து கிளம்பிடுச்சு. அலை தடால் தடால்னு மேல ஏறிடுச்சு. அவங்கவங்க தோலை அள்ளிக்கிட்டு ஓடினாங்க. ஒரு தாய் கைப்பிள்ளையை, அந்தப் பிள்ளையோட குட்டித் தோல் மேலேயே தூங்கப் போட்டிருந்தா. அலை வந்து ரெண்டையும் சேர்த்து இழுத்துட்டுப் போய்டுச்சு.

மறுநாள் காலையில குருசம்மா கருவாட்டைத் திருப்பிப்போட வந்தா. அப்போ தீவோட மறுகரையில பாசிக்குள்ள 'ஊ... ஊ...'ன்னு ஒரு சத்தம். போய்ப் பாத்தா, பொறந்து மூணு மாசம்கூட இருக்காது, ஒரு பொம்பளப் பிள்ளை. பக்கத்துல சின்னத் துண்டு தண்டி சாம்பத் தோல் ஒண்ணு, ஈரமா.

அது யாரு பிள்ளைன்னு குருசம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? நல்லாத் தெரியும். ஆனா தூக்கினதும் அந்தப் பிள்ளை அவ சேலையைக் கெட்டியா பிடிச்சுக்கிச்சு. அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆட்டுப்பால் குடுத்தா. தோலை உப்புப் பானைக்குள்ள, உப்புக்கு அடியில புதைச்சா. பிள்ளைக்கு அமலின்னு பேரு வச்சா.

அடுத்த வருஷம் கடல் அமைதியான அன்னைக்கு, வாசல்ல ஒருத்தி வந்து நின்னா. தலை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு.

"அக்கா, போன வருஷம் காத்துல ஒரு பிள்ளை ஒதுங்குச்சா? பார்த்தீங்களா?"

"இல்லையேம்மா" அப்படின்னா குருசம்மா.

அவ போய்ட்டா.

குருசம்மா ஏன் பொய் சொன்னாங்குற? பயம்டா. குடுத்துட்டா வீட்டுல மறுபடி சத்தமே இருக்காதேன்னு பயம்.

ரெண்டாம் வருஷமும் வந்தா. அப்போ அமலி தத்தக்கா பித்தக்கான்னு நடந்து வாசலுக்கே வந்துடுச்சு. அவ அப்படியே பாத்துக்கிட்டு நின்னா.

"இது?"

"என் தங்கச்சி பிள்ளை."

"தூக்கிக்கட்டுமாக்கா? ஒரு நிமிஷம்."

குருசம்மாவால வேண்டாம்னு சொல்ல முடியல. அவ தூக்கினா. கழுத்துல மூக்கை வச்சு மோந்து பாத்தா. அமலி உடம்பு பூரா கருவாட்டு வாசம், தன் பிள்ளை வாசம் தெரியல. வேத்து முகம் பாத்ததும் பிள்ளை ஓன்னு அழுது, குருசம்மாகிட்ட வரணும்னு ரெண்டு கையையும் நீட்டுச்சு. அவ மெதுவா இறக்கிவிட்டா. "உங்ககிட்டதான் வருது"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டா.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

மூணாம் வருஷம் வந்தப்போ அவ பிள்ளையைக் கேக்கல. "அக்கா, என் பிள்ளை போயிருக்கும். எனக்கே தெரியுது. ஆனா அது தோல் எங்கயாச்சும் ஒதுங்கியிருந்தா குடுங்க. எங்க ஆளுங்க அதை நடுவுல வச்சு ஒரு நாள் அழுவோம். அதுக்குத்தான்" அப்படின்னா.

உப்புப் பானை அங்கதான் இருக்கு, கைக்கு எட்டுற தூரத்துல. குருசம்மாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா வாய் என்ன சொல்லுச்சு? "நான் எதையும் பாக்கலம்மா."

அப்புறம் அவ வரவேயில்ல.

அமலி வளந்தா. மீன் சாப்பிட்டா குமட்டும். சோறும் கீரையும்தான். வெயில் காலம் வந்தா மேலெல்லாம் வறண்டு வெடிச்சுடும். குருசம்மா குடம் குடமா தண்ணி ஊத்துவா, எண்ணெய் தடவுவா. வருஷா வருஷம் வெடிப்பு கூடிக்கிட்டே போச்சு. பதினஞ்சு வயசுல, ஒரு நாள் பூரா இடுப்பளவு தண்ணியில நின்னுட்டு வந்து, "அம்மா, கரையில இருந்தா எனக்கு மூச்சு முட்டுது"ன்னா அமலி.

அன்னைக்குத்தான் குருசம்மா மனசு உடைஞ்சு போனா. கடல் அமைதியாகுற நாள் வரைக்கும் காத்திருந்தா. அன்னைக்குக் காலையில உப்பையெல்லாம் கொட்டி, தோலை எடுத்து அமலி மடியில வச்சா. ஒண்ணு விடாம சொன்னா.

அமலி மடியில கிடந்த தோலைத் தடவிப் பாத்தா. அப்புறம், "மூணு தடவை வந்தாங்களா?"

"மூணு தடவை."

"என்னைத் தூக்கினாங்களா?"

"ஒரு தடவை."

"நான் என்ன பண்ணேன்?"

குருசம்மா அப்போகூட ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. "அழுத. என்கிட்ட வரணும்னு கையை நீட்டின."

அமலி எந்திரிச்சா. தோலை எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு கடலுக்குப் போனா. தோல் தண்ணியில பட்டுச்சோ இல்லையோ, தூரத்துல 'பொளக்'னு ஒரு தலை எழும்புச்சு. வேகமா வந்துச்சு. ஆழம் குறைஞ்ச இடத்துல தோலை உதறிட்டு அந்தத் தாய்க்காரி எந்திரிச்சு நின்னா. தலையெல்லாம் நரைச்சுப்போச்சு. இந்தத் தடவை மோந்து பாக்கவே வேண்டியிருக்கல. ரெண்டு கையாலயும் அமலி முகத்தைத் தடவுனா.

"மாட்டிக்கம்மா, போலாம்"னா.

அமலி தோலை விரிச்சா. கைக்குட்டை தண்டிதான் இருந்துச்சு. தலையில வச்சுப் பாத்தா, தோள்ல வச்சுப் பாத்தா, ரெண்டு கையால இழுத்துப் பாத்தா. உப்புல கிடந்து சுருங்கின தோல். தாய்க்காரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. "நீந்த நீந்தத்தான் இது வளரும்" அப்படின்னா. பதினஞ்சு வருஷமா நீந்தாத அந்தத் தோலை மடிச்சு அமலி கையிலேயே வச்சா.

குருசம்மா முழங்கால் தண்ணியில வந்து நின்னு, "என்னை என்ன வேணாலும் பண்ணு தாயி"ன்னா.

"உன்னை ஏதாச்சும் பண்ணி எனக்கு என்ன ஆகப்போகுது?" அப்புறம் தாய்க்காரியே கேட்டா. "நல்லா சாப்பிடுறாளா?"

"ரெண்டு வேளை சாப்பிடுவா."

"மீன் குடுக்காத. எங்களுக்கு ஒத்துக்காது. கடல்புல்லை அரைச்சு மேலுக்குப் போடு. வெடிப்பு அடங்கும்."

பதினஞ்சு வருஷம் அது தெரியாம எண்ணெய் தடவியிருக்கா குருசம்மா. தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

ம்... அப்புறம்?

அப்புறம் என்ன, தாய்க்காரி தினமும் கரையோரம் மேய வருவா. அமலி இடுப்பளவு தண்ணியில நின்னு அவ முதுகைத் தடவிக் குடுப்பா. வருஷத்துல அந்த ஒரு நாள் மட்டும் தாயும் மகளும் குடிசையில உக்காந்து பேசுவாங்க. யாரும் போகச் சொல்லல, ஆனா அன்னைக்குக் குருசம்மா தீவோட அந்தக் கோடியில போய்க் கடலைப் பாக்காம உக்காந்திருப்பா.

அமலி எங்கயும் போகல. கடைசி வரைக்கும் குருசம்மா கூடவேதான் இருந்தா. அதுக்குத்தானே அவ ஆசைப்பட்டா? பொழுது சாயுறப்போ அமலியே தேடிக்கிட்டு வருவா. முன்னெல்லாம் "வாம்மா"ன்னுதான் கூப்பிடுவா. இப்போ கொஞ்சம் தள்ளி நின்னு, "வாங்க, சோறு ஆறுது"ன்னுவா. குருசம்மா எந்திரிச்சு, மணலைத் தட்டிவிட்டுட்டு, அவ பின்னாடியே நடந்து போவா.

அவ்வளவுதாண்டா கதை. கண்ணு சொக்குது பாரு. போர்வையை இழுத்துக்க, தூங்கு.