புற்றைத் தோண்டிய முள்ளெலி

செம்மண் தேரிக்காட்டில் தும்பை என்றொரு முள்ளெலி இருந்தது. பள்ளிப்படிப்பை முடித்ததும், மலையடிவாரக் கல்லூரியில் சேர்ந்தே தீருவேன் என்று அது ஒற்றைக்காலில் நின்றது. தண்ணீர் தேடும் படிப்பு அங்கே மட்டும்தான் இருந்தது. தேரிக்காட்டில் இருந்ததோ ஒரே ஒரு குட்டை. அதுவும் கோடைக்குக் கோடை சுருங்கிக்கொண்டே வந்தது. போன கோடையில் அதில் ஒரு தவளைகூட இல்லை.

கல்லூரியில் சும்மா சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். முதல் நாளே தேர்வு உண்டு. தேறினால் உள்ளே. தேறாவிட்டால் ஒரு வருஷம் வீண். அந்த ஒரு வருஷம் குட்டை தாங்குமா என்பதே சந்தேகம்.

விடுமுறை விட்டதும் ஓணான் டியூஷன் தொடங்கிவிட்டது. உடைமரத்தடியில் வகுப்பு. ஓணான் கிளையில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகச் சொன்னது:

"கல்லூரியில என்ன கேட்பாங்கன்னு எனக்கு அத்துபடி! நான் சொல்ற நோட்ஸை மனப்பாடம் பண்ணுங்க. அது போதும்!"

மைனா, முயல், அணில், உடும்பு எல்லாம் வந்து வரிசையாக உட்கார்ந்தன. தும்பையும் உட்கார்ந்தது.

"தண்ணீர் எங்கே இருக்கும்?" என்று ஓணான் கேட்கும்.

"புற்று இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்கும்!" என்று எல்லாம் ஒரே குரலில் கத்தும்.

ஓணான் தலையாட்டும். மைனா முழு நோட்ஸையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும். அதற்கும் ஓணான் தலையாட்டும். "மைனாவுக்குச் சீட்டு உறுதி!" என்று காடே பேசிக்கொண்டது.

தும்பைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒருநாள் எழுந்து நின்றது.

"சார், எல்லாப் புற்றுக்கு அடியிலும் தண்ணீர் இருக்குமா?"

ஓணான் தலையாட்டியது.

"அப்போ, சில புற்றுக்கு அடியில் இருக்காதா?"

அதற்கும் ஓணான் தலையாட்டியது.

"ரெண்டுக்கும் தலையாட்டுறீங்களே சார்! எது சரி?"

ஓணானின் கழுத்து சிவந்துவிட்டது. ஓணானுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு என்ன தெரியும்? பிள்ளைகள்தான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பூரித்துப் போயிருந்தன.

"வாயை மூடிட்டு உட்காரு! கேள்வி கேட்கிறவளுக்குச் சீட்டுக் கிடைக்காது!"

"அப்படின்னா உங்க வகுப்பே எனக்கு வேண்டாம்!"

"வெளியே போனா திரும்பி வர முடியாது!"

"வரமாட்டேன்!" என்று சொல்லிவிட்டுத் தும்பை விறுவிறுவென்று நடந்தது.

வீட்டில் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டது. "ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? ஊர்ப் பிள்ளையெல்லாம் அங்கதான படிக்குது!"

"படிக்கலம்மா. ஒப்பிக்குதுக."

"சீட்டுக் கிடைக்கலன்னா நாலு பேர் என்ன சொல்லுவாக?"

"சொல்லிட்டுப் போறாக! நான் தோண்டிப் பாக்கப் போறேன்."

மறுநாளே தும்பை ஒரு புற்றின் பக்கத்தில் தோண்டத் தொடங்கியது. வெறும் புழுதி. அடுத்த புற்றுக்கு அடியில் மண் குளுகுளுவென்று ஈரமாக இருந்தது. மூன்றாவதில் மறுபடியும் புழுதி. நகம் தேய்ந்தது. மூக்கெல்லாம் செம்மண் அப்பியது.

"தும்பை, புதையல் கிடைச்சுதா?" என்று அணில் கிளையிலிருந்து கேலி செய்தது.

"கிடைச்சா உனக்குத் தரமாட்டேன், போ!"

மைனா நல்ல மனசோடுதான் வந்தது. "நோட்ஸை நான் சொல்லித்தரட்டுமா? பாவம், பெயிலாயிடுவே."

"பெயிலானா நானாப் பெயிலாகிறேன்! யாரோ சொன்னதை ஒப்பிச்சுப் பாஸாக மாட்டேன்!"

சொல்லிவிட்டதே தவிர, மைனா போனதும் தும்பைக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தோண்டியது.

மெல்ல மெல்ல ஒன்று புரிந்தது. கரையான் ஈரமண்ணைக் கொண்டுவந்து பூசிக்கொண்டிருக்கும் புற்றுக்கு அடியில் ஈரம் இருந்தது. கரையான் விட்டுப்போன புற்றுக்கு அடியில் புழுதிதான் இருந்தது. ஆனால் பனைமரத்தடிப் புற்று மட்டும் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. கரையான் மொய்த்தது. எவ்வளவு தோண்டியும் ஈரத்தைக் காணோம். ஏன் என்று யோசித்து யோசித்துத் தும்பைக்கு மண்டை காய்ந்தது. அதற்குள் தேர்வு நாள் வந்துவிட்டது.

கல்லூரி வாசலில் தேர்வு நடத்தியது எறும்புத்தின்னி மேடம். எல்லோரையும் ஒரு பெரிய புற்றின் முன்னால் நிறுத்தியது.

"இங்கே தண்ணீர் இருக்குமா?"

"புற்று இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்கும்!" மைனா முந்திக்கொண்டது. மற்றவையும் கூடவே கத்தின.

"அப்படியா? தோண்டிக் குடிங்க!"

எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு தோண்டின. வெயில் ஏறியது. புழுதி பறந்தது. நாக்கு வறண்டுபோனது.

"மேடம், இது நோட்ஸில் இல்லையே!" என்று அணில் மூச்சு வாங்கச் சொன்னது.

மேடம் தும்பையைப் பார்த்தது. "நீ ஏன் தோண்டலை?"

"இது கரையான் விட்டுப்போன புற்று மேடம். அடியில ஈரம் இருக்காது."

"சரி. அப்போ கரையான் இருக்கிற புற்றுன்னா தண்ணீர் நிச்சயம். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கு. என்ன?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சீட்டுக் கையில். தும்பைக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"இல்லை!" என்றது தும்பை.

"என்னது?"

"புத்தகத்தில் இருக்கலாம் மேடம். எங்க பனைமரத்தடிப் புற்றில் இல்லை! கரையான் இருக்கு, ஈரம் இல்லை. நகம் தேயத் தோண்டிட்டேன். ஏன்னு எனக்குத் தெரியலை. சீட்டுக் கொடுக்காட்டியும் போகட்டும், அதுக்குப் பதில் சொல்லுங்க!"

"மேடத்தையே எதிர்த்துப் பேசுது!" என்று முயல் கிசுகிசுத்தது. தும்பைக்குப் பந்தாகச் சுருண்டுகொள்ளலாம்போல இருந்தது. சுருளாமல் நிமிர்ந்தே நின்றது.

எறும்புத்தின்னி தும்பையின் தேய்ந்த நகங்களைக் குனிந்து பார்த்தது. பிறகு சொன்னது:

"எனக்கும் தெரியாது. அப்படி ஒரு புற்றை நானும் பார்த்திருக்கேன். நீ உள்ளே வா. சேர்ந்து தோண்டிப் பார்ப்போம்."

மைனா பதறிப்போய்ப் பறந்து வந்தது. "மேடம், எனக்கு முழு நோட்ஸும் தெரியுமே!"

"நல்லது. அதில் உனக்குப் புரியாதது எது?"

மைனா அலகைத் திறந்தது. மறுபடியும் நோட்ஸின் முதல் வரிதான் வந்தது.

அன்று கல்லூரிக்குள் போனது தும்பை மட்டும்தான். மற்றவை ஓணானைத் திட்டிக்கொண்டே ஊர் திரும்பின. மைனா யாரையும் திட்டவில்லை. போகிற வழியில் ஒரு புற்றைக் கண்டதும் கீழே இறங்கி, தன் சின்ன அலகால் மண்ணைக் கொத்தத் தொடங்கியது.

மேற்படிப்புக்குப் போகிறவர்கள், யார் சிரித்தாலும் சரி, தாங்களே முட்டி மோதிப் பார்த்தும் விளங்காத ஒரு கேள்வியோடு போக வேண்டும்.