வலி ஊசி

காட்டை ஒட்டிய மலைச்சரிவில் ஓர் ஆசிரமம் இருந்தது. சிலை கிடையாது, பூசை கிடையாது. பால் வற்றிய பசுக்களையும் உழ முடியாத எருதுகளையும் சுற்று வட்டாரத்து ஊர்க்காரர்கள் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். உமையம்மை என்ற துறவி அவற்றைப் பார்த்துக்கொண்டார்.

அம்மைக்கு நாற்பது வயது. அவருடைய ஒரே சீடருக்கோ அறுபது நெருங்கிவிட்டது. பெயர் அர்த்தநாரி. கால்நடை மருத்துவர். மனைவி புற்றுநோயில் இறந்த பிறகு வேலையை விட்டார், வீட்டைப் பூட்டினார், மருந்துப் பையை எடுத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டார்.

வந்த அன்றே காவி கேட்டார். புதுப் பெயரும் கேட்டார்.

“எதற்கு?” என்றார் அம்மை.

“பழைய ஆளை விட்டுத் தொலைக்க வேண்டும் அம்மா.”

“அவருக்கு மாட்டு வைத்தியம் தெரியுமே. அவர் இருக்கட்டும்.”

அதனால் அவர் அங்கேயும் டாக்டராகவே இருந்தார்.

ஆசிரமத்தில் மாடு செத்தால் புதைப்பதில்லை. மேலே மரமில்லாத பாறை ஒன்று இருந்தது. அங்கே இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பார்கள். வானத்தில் முதலில் ஒரு புள்ளி தெரியும். அது வட்டமிடும். அதைப் பார்த்து இன்னொன்று வரும், அதைப் பார்த்து வேறொன்று. சற்று நேரத்தில் பாறை முழுக்கப் பிணந்தின்னிக் கழுகுகள். வெயில் சாய்வதற்குள் எலும்பு மட்டும் கிடக்கும். நாற்றம் இருக்காது.

முதல் தடவை டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பாருங்கள், டாக்டர்.”

“அருவருப்பாக இருக்கிறதம்மா.”

“அவர்களுக்கு அப்படி இல்லை.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “அடைப்பான் நோயில் செத்த மாட்டைத் தின்றால்கூட இவற்றுக்கு ஒன்றும் ஆகாது. வயிற்று அமிலம் அவ்வளவு கடுமை. படித்திருக்கிறேன். இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றார்.

சாகப்போகும் மாடுகள் நாட்கணக்கில் முனகும். டாக்டருக்கு அதுதான் தாங்கவில்லை. மனைவி கடைசி மாதங்களில் போட்ட கூச்சல் அவர் காதை விட்டுப் போகவில்லை. டவுனுக்குப் போய், புதிதாக வந்திருந்த வலி ஊசி மருந்தைப் பெட்டி பெட்டியாக வாங்கிவந்தார்.

“போடலாமா அம்மா? மாடு பிழைக்காது. ஆனால் வலி தெரியாமல் போகும்.”

“போடுங்கள்” என்றார் அம்மை. மாடு உதைக்காமல் இருக்கக் காலை அவரே பிடித்துக்கொண்டார்.

முனகல் அடங்கியது. அந்த மாடு வைக்கோலை முகர்ந்துகூடப் பார்த்தது. டாக்டர் கொட்டகைக்கு வெளியே போய் நின்று அழுதார்.

அதற்குப் பிறகு எந்த மாட்டையும் அவர் வலியோடு சாகவிடவில்லை. ஊர் ஊராகப் போய், மடிவீக்கத்துக்கும் மூட்டுவலிக்கும் அந்த ஊசியைப் போட்டார். எப்படிப் போடுவது என்று வீட்டுக்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். மலையடிவாரத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

சில வருடங்கள் போயின. பாறைக்கு வரும் கழுகுகள் குறைந்தன. வந்தவையும் தின்றுவிட்டுப் பறக்கவில்லை. பக்கத்து மரங்களில் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

டாக்டர் ஒன்றை எடுத்துவந்து அறுத்துப் பார்த்தார். உள்ளே சிறுநீரகம், ஈரல், இதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை படிந்திருந்தது. இன்னொன்றை அறுத்தார். அதிலும் அதே வெள்ளை.

கத்தியைக் கழுவினார். கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

“என்ன டாக்டர்?”

“சிறுநீரகம் வேலை செய்யாமல் செத்திருக்கின்றன. எல்லாமே நம் மாட்டைத் தின்றவை.” அவர் குரல் இறங்கியது. “மாட்டின் உடம்பில் அந்த மருந்து தங்கியிருக்கிறது. மாட்டுக்கு ஒன்றும் செய்யாத மருந்து இவற்றைக் கொன்றுவிடுகிறது.”

அம்மை குனிந்து, விரிந்து கிடந்த இறக்கையை மடித்து வைத்தார்.

“நான்தான் கொன்றேன்.”

“காலைப் பிடித்துக்கொண்டது நான்” என்றார் அம்மை.

மறுநாள் காலையே டாக்டர் ஊருக்குள் இறங்கினார். வீடு வீடாகப் போய், அந்த ஊசியைப் போடாதீர்கள் என்றார். பறவைக்குக் கெடுதல் செய்யாத வேறு வலி மருந்து எது என்று கேட்டார்கள். அப்போது அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

மாரக்காள் என்ற பெண்ணுக்கு இருந்ததே ஒரு கறவை மாடுதான். அவள் வாசலில் நின்று கேட்டாள்.

“ஏனுங்க டாக்டரு, நீங்கதானுங்களே இந்த ஊசியக் குடுத்தீங்க?”

“ஆமாம்மா. தெரியாமல் கொடுத்துவிட்டேன்.”

“இப்ப எம் மாடு மடி வீங்கிக் கத்துதுங்க. கையே வெக்க முடியல. ஊசி போட்டா நாளைக்குப் பால் கறக்கலாம். உங்க கழுகு வந்து எம் புள்ளைங்களுக்குச் சோறு போடுமுங்களா?”

மாடு உள்ளிருந்து கத்தியது.

“போங்க டாக்டரு. உங்கள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் மலையேறித் திரும்பினார்.

“யாரும் கேட்கவில்லை அம்மா. கேட்டாலும் என்ன ஆகப்போகிறது? இந்தப் பறவை ஒரே நாளில் நூறு மைல் பறக்கும். எந்த ஊரில் எந்த மாட்டைத் தின்னுமோ! வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும். நாம் ஒருவர் நிறுத்துவதில் என்ன இருக்கிறது?”

“தெரியவில்லை” என்றார் அம்மை.

ஆசிரமத்தில் ஊசி நின்றது. பாறைக்கு எப்போதாவது ஒன்றிரண்டு கழுகுகளே வந்தன. அங்கே போட்ட மாடு நாட்கணக்கில் கிடந்து அழுகியது. நாய்கள் வந்தன. குட்டி போட்டுப் பெருகின. மேய்ச்சலுக்குப் போன கன்றுகளைக் கடித்தன. வெறிநாய் கடித்து அடிவார ஊரில் ஒருவர் இறந்தார்.

அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு ஜோடிக் கழுகு மிச்சமிருந்தது. ஆற்றங்கரையில் உயரமான மருத மரத்தின் உச்சியில் அவற்றின் கூடு.

பங்குனி மாதத்தில், செவலைப் பசு ஒன்று பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்தார். எழ வழியில்லை. அது கழுத்தைத் தூக்கித் தூக்கித் தரையில் அடித்துக்கொண்டது. அதன் கண்ணைச் சுற்றி ஈ மொய்த்தது.

மருந்துப் பையில் ஒரு குப்பி பாக்கி இருந்தது.

“ஊசி போட்டுவிடுகிறேன் அம்மா. செத்தால் புதைத்துவிடலாம். கழுகு தொட முடியாது.”

“என்னோடு வாருங்கள்” என்று அம்மை அவரை ஆற்றுக்கு அழைத்துப்போனார்.

மருத மரத்துக்கு எதிர்க்கரையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கூட்டில் ஒரு குஞ்சு தலையை நீட்டியது. தாயோ தந்தையோ, பெரியது ஒன்று வந்து இறங்கியது. குஞ்சு அதன் அலகைக் கொத்திக் கொத்திக் கேட்டது. பெரியது வாயைத் திறந்தது. எதுவும் வரவில்லை. குஞ்சு மறுபடியும் கொத்தியது.

“இரை கிடைக்கவில்லை” என்றார் டாக்டர்.

“ஆமாம்.”

“நம் மாட்டைப் புதைத்தால் இவை அடிவாரத்துக்குத்தான் போகும்.”

“ஆமாம்.”

“அங்கே எல்லா மாட்டிலும் மருந்து இருக்கும்.”

அம்மை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யட்டும் அம்மா? நீங்கள் சொல்லுங்கள். சீடனாகக் கேட்கிறேன்.”

“நான் சொல்லிவிட்டால் உங்களுக்கு லேசாக இருக்கும்” என்றார் அம்மை. “பசுவுக்கு லேசாக இருக்காது.”

டாக்டர் கொட்டகைக்குத் திரும்பினார். பையைத் திறந்தார். குப்பியைக் கையில் எடுத்துப் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அது கத்தியது. குப்பியை உடைக்காமல் பைக்குள் வைத்தார். பசுவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அது உடனே சாகவில்லை. மூன்று நாள் கிடந்தது. வலியெடுக்கும்போதெல்லாம் தலையால் அவர் வயிற்றில் முட்டியது. ஈரத்துணியால் அதன் வாயைத் துடைத்தார். சிலசமயம் மனைவியின் பெயரைச் சொல்லி அதைக் கூப்பிட்டார். அம்மை ஈ விரட்டிக்கொண்டு எதிரே இருந்தார். இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் பசு ஒரு நீண்ட மூச்சு விட்டது. அதற்கப்புறம் மூச்சில்லை.

வெயில் ஏறுமுன் பாறைக்கு இழுத்துப்போனார்கள். சுத்தமான இரை. ஒரு துளி மருந்து கிடையாது. தள்ளிப்போய் நின்று வானத்தைப் பார்த்தார்கள்.

புள்ளி தெரியவில்லை.

உச்சிவேளை வந்தது. நாய்கள்தான் வந்தன. டாக்டர் கல்லெறிந்து விரட்டினார். அவை மறுபுறமாக வந்தன. மறுபடியும் எறிந்தார்.

“மேகமாக இருக்கிறது. அதனால் தெரிந்திருக்காது” என்றார்.

வானத்தில் மேகமே இல்லை. அம்மை அதைச் சொல்லவில்லை.

மறுநாளும் ஒன்றும் வரவில்லை. இருவரும் ஆற்றுக்குப் போனார்கள்.

மருத மரத்தில் ஒரு கழுகு கால்நகம் கிளையில் மாட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கைகள் விரிந்து காற்றில் லேசாக ஆடின. இன்னொன்று மரத்தடியில் கிடந்தது. கூட்டிலிருந்து சத்தமில்லை. டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டி ஆற்றைக் கடந்தார். கீழே கிடந்ததைப் புரட்டினார். இரைப்பை நிறைந்து புடைத்திருந்தது. எங்கோ வயிறார உண்டிருந்தன.

“எப்போது செத்திருக்கும்?” என்று கரையிலிருந்து அம்மை கேட்டார்.

அவர் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தார்.

“நம் பசு உயிரோடிருந்தபோதே.”

திரும்பி வந்தார்கள். பாறையில் நாய்கள் பசுவின் வயிற்றைக் கிழித்திருந்தன. அம்மை ஒரு கடப்பாறையும் மண்வெட்டியும் எடுத்துவந்தார். நாய்களை விரட்டிவிட்டு, மிச்சமிருந்த உடலைப் பாறைக்குக் கீழே புல் முளைத்த இடத்துக்கு இழுத்தார்கள். டாக்டர் மண்வெட்டியை வாங்கித் தோண்ட ஆரம்பித்தார்.

மேல்மண் கறுப்பாக இருந்தது. மண்புழுக்கள் நெளிந்தன. ஒரு சாணிவண்டு கவிழ்ந்து காலை உதைத்தது. வேர்களின் மேல் பூஞ்சை வெள்ளை நூலாகப் படர்ந்திருந்தது. டாக்டர் எதையும் பார்க்கவில்லை. வெட்டிக்கொண்டே போனார். இடுப்பளவு ஆழத்தில் மஞ்சள் மண் வந்தது. வேர் இல்லை, புழு இல்லை. மண்வெட்டி பட்ட இடமெல்லாம் வெறும் களிமண் பெயர்ந்தது.

குழிக்குள் நின்றபடி அவர் கேட்டார்.

“அம்மா, அவள் பட்ட வலி யாருக்காக?”

அம்மை குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

“நான் போட்டிருக்கலாம். ஒரு ஊசி. வலியில்லாமல் போயிருப்பாள். யாருக்காக அவளைத் துடிக்கவிட்டேன்?”

“யாருக்கும் இல்லை, டாக்டர்.”

“அது ஒரு பதிலா?”

“என்னிடம் அதுதான் இருக்கிறது.”

டாக்டர் மண்வெட்டியை ஓங்கினார். வெட்டினார். மறுபடியும் வெட்டினார். வியர்வையும் கண்ணீரும் மூக்கின் நுனியிலிருந்து சொட்டின. குழி நெஞ்சளவு ஆயிற்று.

அம்மை குனிந்து மண்வெட்டியின் பிடியைப் பிடித்தார்.

“போதும், மேலே வாருங்கள்.”

“நாய் தோண்டாத ஆழம் வேண்டும்.”

“பாதிக் குழியைத் தூர்த்துவிடலாம். மேலே கல்லை அடுக்கிக்கொள்ளலாம்” என்றார் அம்மை. “இவ்வளவு கீழே தின்ன யாரும் இல்லை, டாக்டர்.”