கிணற்றுக்குள் போன கேமராவும் கரையில் நின்ற கேமராவும்

சேத்துவராயன்பட்டை வரைபடத்தில் தேட வேண்டாம். அந்த ஊர்க்காரர்களே ஒருமுறை தேடிப் பார்த்து, காணோம் என்றதும், "அப்போ நாம வேற எங்கயோ இருக்கோம் போலிருக்கு" என்று மூட்டை கட்டிவிட்டார்கள். கட்டிய மூட்டையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாததால் ஊர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அந்த ஊர்க் கோதண்டபாணிக்குக் கிணற்றில் முங்கிப் பொருள் எடுக்கிற வேலை. குடம், வாளி, மோட்டார், சில சமயம் கோபத்தில் வீசிய செல்போன் என்று எது விழுந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். உடன் போகிறவர்கள் மூன்று பேர். மூத்தவர் பூவராகன், மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் அவர் சொல்வதை மற்றவர்கள் நம்பினார்கள். கலியமூர்த்தி கயிறு பிடிப்பான். ஆதிமூலத்தின் வேலை கிணற்றை எட்டிப் பார்த்து, "இன்னும் வரலை" என்று சொல்வது.

வேலையில் இவர்கள் சுத்தம். பக்கத்து ஊர் வாத்தியார் வீட்டுக் குத்துவிளக்கு கிணற்றில் விழுந்தபோது, "கொஞ்சம் தேடிப் பாருங்கப்பா" என்றார் அவர். கோதண்டம் முங்கித் தேடினான், பார்த்தான், மேலே வந்தான். "பாத்துட்டேங்க, அங்கேயேதான் இருக்கு" என்றான். நால்வரும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இப்படிப்பட்ட திறமைசாலிக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. தண்ணீருக்கு மேலே அவனுக்குப் பேச்சு வராது. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு காப்பித் தம்ளருக்குள்ளேயே பார்த்திருந்துவிட்டு வருவான்.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் செண்பகவல்லி. தையல் கடை வைத்திருந்தாள். அவளுடைய அண்ணன் ராஜமாணிக்கம் பூவராகனுக்குப் போன் செய்தார்.

"ஸ்டூடியோவுல விறைப்பா நிக்கிற படமெல்லாம் என் தங்கச்சிக்கு வேணாமாம். மாப்பிள்ளை வேலை செய்யும்போது எடுத்த படம் ஒண்ணு அனுப்புங்க. முகம் தெளிவா தெரியணும். போன்ல எடுக்காதீங்க, நல்ல கேமராவுல எடுங்க. அதைப் பாத்துட்டுத்தான் அவ பதில் சொல்லுவா."

விஷயத்தைக் கேட்ட கோதண்டம் சாயங்காலம் கிணற்றில் இறங்கி, தண்ணீருக்குள் அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தான். குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. எட்டிப் பார்த்த ஆதிமூலம், "நீளமான பேரு" என்றான்.

மறுநாள் நால்வரும் விழுப்புரத்தில் இஸ்மாயில் கேமராக் கடைக்குப் போனார்கள். இஸ்மாயில் வீட்டு மோட்டாரைக் கோதண்டம் முன்பு எடுத்துக் கொடுத்திருந்ததால் அவருக்கு இவர்கள்மேல் மரியாதை உண்டு. விஷயத்தைக் கேட்டுவிட்டு இரண்டு கேமராக்களை மேஜைமேல் வைத்தார்.

"இது மிரர்லெஸ். உள்ளே கண்ணாடி கிடையாது."

பூவராகன் உடனே தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் இஸ்மாயிலை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த மேஜை விசிறியைப் பார்த்தே பேசினார். விசிறியும் தலையை ஆட்டிக்கொண்டிருந்ததால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"எண்ட்ரி லெவல்தான். புதுசா நுழையறவங்களுக்கு ஏத்தது" என்றார் இஸ்மாயில்.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எழுந்து வெளியே போய், செருப்பை மறுபடி மாட்டி, மறுபடி கழற்றிவிட்டு, வலது காலை வைத்துப் புதிதாக நுழைந்தார்கள். இஸ்மாயில் நல்ல மனிதர். "வாங்க" என்றார்.

"இதுல முகம் பளிச்சுனு விழும். பின்னாடி இருக்கிறதெல்லாம் மங்கிடும்."

கோதண்டத்தின் பின்னால் நின்றிருந்த கலியமூர்த்தி நகர்ந்து முன்னால் வந்தான். ஆதிமூலமும் வந்தான். கோதண்டம் பின்னால் போய்விட்டதைக் கண்டு, கல்யாணமாக வேண்டியவன் மங்கக்கூடாது என்று அவனையும் இழுத்து முன்னால் விட்டார்கள். கடைசியில் நால்வரும் மேஜைமேல் ஏறாத குறையாக ஒரே வரிசையில் நின்றார்கள்.

"ஆனா ஒண்ணு, இதைத் தண்ணி பக்கமே கொண்டுபோகக் கூடாது. தண்ணிக்குன்னா இந்தச் சின்னது இருக்கு, முரட்டு கேமரா. தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாது. உயரத்துலேருந்து கீழ போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

கலியமூர்த்தி யோசித்தான். "ஒண்ணும் ஆகாத சாமானை வச்சிக்கிட்டு என்னங்க பண்றது? நமக்குப் படம் ஆகணுமே."

"வேலை செய்யும்போதுன்னா தண்ணிக்குள்ள. அதுக்குச் சின்னது" என்றார் பூவராகன், விசிறியிடம். "முகம் தெளிவா தெரியணும்னா பெரிசு. ஆனா பெரிசு தண்ணிகிட்ட வராது, சின்னதுல ஒண்ணும் ஆகாது. பொண்ணு வீட்டுல கெட்டிக்காரங்க. யோசிச்சுத்தான் கேட்டிருக்காங்க."

"கோதண்டம், நீ என்ன சொல்றே?" என்று ஆதிமூலம் கேட்டான்.

கோதண்டம் மெதுவாகச் சொன்னான். "எதுல எடுத்தாலும் சரி. அவங்க வேணாம்னு சொல்லாத மாதிரி எடுங்க."

அந்தக் குரலைக் கேட்டு இஸ்மாயிலுக்கே மனசு இளகிவிட்டது. "ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க. எடுத்துப் பாத்துட்டு எது ஒத்துவருதோ அதை வச்சிக்குங்க" என்றார். பெரியதைக் கலியமூர்த்தி கையில் கொடுத்துச் சொல்லியும் கொடுத்தார். "மூச்சைப் பிடிச்சிக்கிட்டா படம் ஆடாது. பட்டனைப் பாதி அழுத்துங்க. பச்சை வந்ததும் முழுசா அழுத்துங்க. சின்னதுக்கு இதெல்லாம் வேணாம், ஒரே அழுத்துதான்."

முதலில் பெரியதை முயன்றார்கள். அதைத் தண்ணீர் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பதால் ஊருக்கு வெளியே, ஈரமே இல்லாத நெல்லடிக்கும் களத்துக்குப் போனார்கள். கோதண்டம் காய்ந்த தரையில் குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையைக் காலை அடித்து நீந்தினான். மூச்சு முட்டும்போது எழுந்து உட்கார்ந்து, முகத்தை வழித்துவிட்டு, மறுபடி முங்கினான். கலியமூர்த்தி பட்டனைப் பாதி அழுத்தினான்.

"இனி பச்சை வரணும்" என்றான்.

ஊரில் பச்சை என்று ஒருவன்தான் உண்டு. பச்சையப்பன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பூவராகன் அவனுக்குப் போன் போட்டார். அவர் எப்போதும் உண்மையைத்தான் சொல்வார்.

"பச்சை, உடனே கிளம்பி வா. கோதண்டம் களத்துல படுத்திருக்கான். மூச்சு விடலை. நீ வந்தாத்தான் மேற்கொண்டு காரியம் நடக்கும்."

அந்தப் பக்கம் ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. பச்சை வரச் சம்மதித்துவிட்டான் என்று பூவராகன் அறிவித்தார்.

அவன் வந்து சேரும்வரை கலியமூர்த்தி பாதி அழுத்திய விரலை எடுக்கவில்லை. ஆதிமூலம் சோறு ஊட்டிவிட்டான். கொசு கடித்தபோது பூவராகன் சொறிந்துவிட்டார். மறுநாள் காலையில், கண்ணெல்லாம் வீங்கி, கையில் பெரிய ரோஜா மாலையோடு பச்சை வந்து சேர்ந்தான். களத்தில் கோதண்டம் எழுந்து உட்கார்ந்து முகத்தை வழிப்பதைப் பார்த்ததும் அவன் மாலையோடு இரண்டடி பின்னால் போனான்.

"உயிரோடதான் இருக்கானா?"

"நீ வரதுக்குத்தான் காத்திருந்தான்" என்றார் பூவராகன். "கலியமூர்த்தி, பச்சை வந்தாச்சு. அழுத்து."

கலியமூர்த்தி முழுசாக அழுத்தினான். கேமரா அசையவில்லை. ராத்திரியே பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. நால்வரும் பச்சையைத் திரும்பிப் பார்த்தார்கள். தாமதமாக வந்துவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. வாங்கிய மாலை வீணாகக் கூடாது என்று அதைத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டான்.

அடுத்தது சின்னது. மாலையோடு பச்சையும் சேர்ந்துகொள்ள, பொதுக்கிணற்றுக்குப் போனார்கள். தண்ணீர் அடிவரை தெரியும் கிணறு. கலியமூர்த்தி கேமராவை உயரத் தூக்கி உள்ளே போட்டான். எல்லோரும் எட்டிப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

"ஒண்ணும் ஆகலை" என்றான் ஆதிமூலம்.

"கடைக்காரர் பொய் சொல்லாத மனுஷன்" என்றார் பூவராகன்.

கோதண்டம் குதித்து அதை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே தலையை நீட்டினான். அப்போதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. அவன் முகம் படத்தில் விழ வேண்டும் என்றால் வேறொருவர் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். வேறு யாருக்கும் நீச்சல் தெரியாது.

"நீயே எடு" என்றார் பூவராகன். "வேலை உன்னோடது. முகத்தைப் பாத்து அழுத்து, போதும்."

கோதண்டம் முங்கினான். அடியில் மல்லாந்து, கேமராவைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தேடினான். அவனுக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் மேலேதான் இருந்தன. சரியாக விழ வேண்டுமே, அவள் வேணாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் அழுத்தாமல் வெகுநேரம் கிடந்தான். இத்தனை நேரம் அவன் ஒருநாளும் உள்ளே இருந்ததில்லை. மேலே ஆதிமூலத்தால் "இன்னும் வரலை" என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கலியமூர்த்தி கயிற்றை இழுக்கப் பார்த்தான்; கயிறு கட்டவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பூவராகன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிணற்றுக்குள் பாதி உடம்பை விட்டார். அந்த நேரம் கோதண்டம் அழுத்தினான்.

படத்தை அச்சுப் போட இஸ்மாயிலிடம் போனார்கள். அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எந்தக் கேமராவை வச்சிக்கிறீங்க?" என்றார்.

"பெரிசு" என்றார் பூவராகன், சந்தேகமே இல்லாமல். "சின்னது கிணத்துல விழுந்தது. கிணத்துல விழுந்ததை எடுத்தா உடையவங்ககிட்டத்தான் கொடுப்போம், அது எங்க தொழில் தர்மம். அதுவுமில்லாம அதுல ஒரு படம் செலவாயிடுச்சு. பெரிசுல ஒண்ணுகூட எடுக்கலை, எல்லாம் உள்ள அப்படியே இருக்கும்."

படம் பெண் வீட்டுக்குப் போயிற்று. ராஜமாணிக்கம் போன் செய்தார்.

"வட்டமா வானம் தெரியுது, சுத்தி நாலு தலை எட்டிப் பாக்குது. இதுல மாப்பிள்ளை யாரு? மாலை போட்டிருக்கிறவரா?"

"அது பச்சைங்க. மாப்பிள்ளை படத்துல இல்லை. அவர் வேலையா இருந்தாரு."

அந்தப் பக்கம் போன் கைமாறியது. பிறகு ஒரு பெண் குரல் கேட்டது.

"படம் எடுத்தவரையே நான் நேர்ல வந்து பாக்குறேங்க."

ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லி அண்ணனோடு வந்தாள். கோதண்டம் வீட்டில் இல்லை. பயத்தில் கிணற்றுக்குள் இறங்கியிருந்தான். அவள் நேராகக் கிணற்றடிக்கு வந்து கைப்பிடிச்சுவரில் கை வைத்து எட்டிப் பார்த்தாள். கழுத்தளவு தண்ணீரில் அவன் நின்றிருந்தான்.

"மேல வர மாட்டீங்களா?"

"வருவேங்க. மேல வந்தா எனக்குப் பேச்சு வராது."

"அப்போ அங்கேருந்தே பேசுங்க. நான் கேக்குறேன்."

கோதண்டம் கொஞ்சம் யோசித்தான். "உங்க பேரை உள்ள சொல்லிப் பாத்தேன். நல்லாருந்துச்சு."

அவள் சிரித்தாள். சிரிப்பு கிணற்றுக்குள் விழுந்து எதிரொலித்து மேலே வந்தது. எல்லாக் கிணற்றிலும் விழுந்ததை எடுத்தவன் அதை மட்டும் எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றான்.

"அந்தப் படத்துல இருக்கிறவங்க முகத்தைப் பாத்தேன்" என்றாள் செண்பகவல்லி. "ஒருத்தர் உள்ள போனா வெளிய நிக்கிறவங்க இவ்வளவு பதறுவாங்கன்னா, உள்ள போனவர் நல்ல மனுஷராத்தான் இருக்கணும். எனக்குச் சம்மதம்."

கோதண்டம் தண்ணீருக்குள் முங்கினான். ஏராளமான குமிழிகள் வந்தன. ஆதிமூலம் எட்டிப் பார்த்து, "அவனுக்கும் சம்மதம்" என்று மொழிபெயர்த்தான்.

புறப்படும்போது ராஜமாணிக்கம், "நல்ல நாளாப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பூவராகன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார். மறுநாள் விடிந்ததிலிருந்து மூன்று பேரும் நாளைப் பார்க்க உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை மத்தியானம் கலியமூர்த்தி வழுக்கி விழுந்தான். நல்ல நாள் இல்லை என்று தள்ளினார்கள். செவ்வாய் ஆதிமூலத்துக்கு வயிற்று வலி. புதன்கிழமை சுமாராகப் போய்க்கொண்டிருந்து சாயங்காலம் மாடு அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. வியாழன் அருமையான நாள். இதமான காற்று, தொலைந்த செருப்பு கிடைத்தது, யாரும் யாரையும் திட்டவில்லை. ராத்திரி படுக்கும்வரை பொறுத்திருந்து பார்த்து, வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்தார்கள்.

"நல்ல நாள் பாத்தாச்சுங்க" என்றார் பூவராகன். "நேத்து."

ராஜமாணிக்கம் சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். செண்பகவல்லி போனை வாங்கினாள்.

"நேத்துன்னா எனக்கும் வசதிதாங்க" என்றாள். "கடை லீவு."

வெள்ளிக்கிழமை காலையிலேயே அந்தத் தேதியைப் போட்டுப் பத்திரிகை அடித்துக் கொடுத்தார்கள். கையில் வாங்கியவர்கள் தேதியைப் பார்த்துப் பதறி, செய்கிற வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, வேன் பிடித்தும் பஸ்ஸில் தொங்கியும் சேத்துவராயன்பட்டுக்கு ஓடி வந்தார்கள். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் வாசலிலேயே கும்பிட்டார்கள்.

பூவராகன் பன்னீர் தெளித்துப் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"பரவால்லை, உள்ள வாங்க. எங்களுக்கே நேத்து வர முடியலை."