முள்ளம்பன்றியும் மூங்கில் மூக்கும்

ஒரு மலைக்காட்டில் சிலுப்பி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. நல்ல உழைப்பாளி. கோபமும் அதற்குக் கொஞ்சமில்லை. கோபம் வந்துவிட்டால் முதுகு முள்ளெல்லாம் சடசடவென்று எழுந்து நின்றுவிடும். அது அடங்கும்வரை பக்கத்தில் ஒருவரும் போக முடியாது.

மலை உச்சியில் ஒரு சுனை. அதற்கு நாலு பாறை தள்ளித்தான் சிலுப்பியின் வளை. வளைக்கு முன்னால் வெள்ளரித் தோட்டம் போட்டிருந்தது. கோடை வந்துவிட்டால் அந்தப் பக்கம் கிழங்கு கிடைக்காது. எவ்வளவு தோண்டினாலும் மண்தான் வரும். இரண்டு குட்டிகளை வைத்துக்கொண்டு கோடையைத் தாண்ட அந்த வெள்ளரியை விட்டால் வேறு வழியில்லை.

சுனை பக்கத்தில் இருந்து என்ன பிரயோசனம்? அது ஒரு பாறைப் பிளவுக்குள் இருந்தது. குனிந்தாலும் வாய் எட்டாது. அந்த வருஷம்தான் யானைகள் ஒன்றுகூடிப் பாறையின் பக்கவாட்டில் துளை போட்டு, மூங்கில் குழாயைச் செருகி, அடிவாரம் வரை தண்ணீரைக் கொண்டுபோயின. வழியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிளை. கிளையின் நுனியில் இஷ்டப்படி வளைத்து இழுக்க ஒரு கொடிக்குழாய். அதன் வாயை மெழுகால் அடைத்துக் கொடுத்துவிட்டு யானைகள் போய்விட்டன.

அடிவாரத்து ஆலமரத்தடியில் கொக்கிவாலன் என்ற குரங்கு கடை விரித்தது. கொடிக்குழாயின் வாயில் மாட்டுகிற மூங்கில் மூக்குதான் சரக்கு. ஒவ்வொரு மூக்கிலும் கடுகளவு துளை. கடைக்குழாயை மடக்கிப் பிடித்து மெழுகைத் தட்டிவிட்டு, ஒன்றை மாட்டிக் காட்டும். தண்ணீர் சீறிக் கிளம்பி ஆலமரத்தின் உச்சிக்கிளையை நனைக்கும். கூடி நிற்கிற மிருகங்களெல்லாம் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்கும்.

மூக்கு மாட்டாமல் குழாயைத் திறந்துவிட்டால் சுனையே ஒரு நாளில் வற்றிப்போகும் என்று கொக்கிவாலன் பயமுறுத்தியும் வைத்திருந்தது. யார் திறப்பார்கள்?

சிலுப்பி தன்னிடம் மிச்சமிருந்த ஒரு கூடைக் கிழங்கைக் கொடுத்து ஒரு மூக்கை வாங்கியது. மலையேறி வந்து, குட்டிகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, குழாயை மடக்கிப் பிடித்து மெழுகைத் தட்டிவிட்டு, ஆசை ஆசையாக மூக்கை மாட்டியது.

தண்ணீர் வந்தது. அதை வந்தது என்று சொல்லலாமா? சளி பிடித்த மூக்கு ஒழுகுகிற மாதிரி சொட்டியது. ஆட்டிப் பார்த்தது. ஊதிப் பார்த்தது. குழாயைத் தலைக்குமேல் தூக்கியபோது அந்தச் சொட்டும் நின்றுவிட்டது. பொழுது சாய்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றதில் ஒரே ஒரு கொடியின் தூர்தான் நனைந்தது.

மறுநாள், சுனை வற்றிவிடக் கூடாதே என்று குழாயை மடக்கிக் கட்டிவிட்டு, மூக்கைக் கழற்றித் தூக்கிக்கொண்டு கீழே இறங்கியது. கொக்கிவாலன் முகம் கோணாமல் அதை வாங்கித் தன் குழாயில் மாட்டியது. சர்ரென்று தண்ணீர் உச்சிக்கிளைக்குப் பாய்ந்தது.

"மூக்குல ஒரு கோளாறும் இல்லக்கா. உங்களுக்கு மாட்டத் தெரியல" என்றது கொக்கிவாலன்.

சுற்றி நின்றவை சிரித்தன. சிலுப்பிக்கு முகம் தொங்கிப்போனது. எதிரில் பாய்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு என்ன பதில் சொல்வது? மூக்கை வாங்கிக்கொண்டு மலையேறியது. நன்றாக அழுத்தி மாட்டியது. திருப்பி மாட்டியது. பிசின் தடவி மாட்டியது. சொட்டுத்தான் வந்தது.

வெயில் ஏற ஏற வெள்ளரி இலைகள் சுருண்டன. ஓரத்துக் கொடி ஒன்று கருகியே போனது. சின்னக் குட்டி மூங்கில் மூக்குக்கு அடியில் இருந்த ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. சிலுப்பி அதைப் பார்த்தது. ஒரு கூடைக் கிழங்கையும் கொடுத்து, ஊர் சிரிக்கப் பட்ட அவமானத்தையும் தாங்கி, கடைசியில் பிள்ளை மண்ணை நக்குவதா? முள்ளெல்லாம் எழுந்து நின்றது. அப்படியே அடிவாரத்துக்கு இறங்கியது.

கடையில் நின்ற கூட்டம் அந்த முட்களைப் பார்த்துத் தானாக ஒதுங்கியது.

"எங்கூட மேல வா. என் வீட்டுக் குழாயில உன் கையாலயே மாட்டிக் காட்டு" என்றது சிலுப்பி.

"அது நம்ம காட்டு வழக்கம் இல்லையேக்கா. சரக்கைக் கடையிலதான் பாக்கணும். கடையில நல்லா இருந்தா அது நல்ல சரக்கு."

"காயறது என் கொடி. அது உன் கடையிலயா காயுது?"

கொக்கிவாலன் பேச்சை மாற்றியது. குரலை இறக்கி, அக்காவின் குழாயில் வேகம் போதவில்லை போலிருக்கிறது, துளை சின்னதாக ஆக வேகம் கூடும், இதோ இந்தக் கசகசாத் துளை மூக்கைக் கொண்டுபோங்கள், பழசுக்குப் பதிலாகத் தருகிறேன் என்று நைச்சியம் பேசியது. மாட்டியும் காட்டியது. தண்ணீர் உச்சிக்கிளையையும் தாண்டி எழும்பியது. கூட்டம் ஆகா என்றது.

சிலுப்பியும் ஆகா என்றது. கோபம் வருவதில் பெரிய ஆள்தான். ஆனால் கண்ணெதிரே தண்ணீர் எழும்பினால் அந்தக் கோபமும் நனைந்துபோகும். புது மூக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

மாட்டியது. சொட்டும் இல்லை. துளையின் வாயில் ஒரு துளி எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது.

சிலுப்பிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மூக்கைக் கழற்றக்கூடப் பொறுமை இல்லை. கொடிக்குழாயை முன்னங்காலால் அமுக்கி, மூக்குக்குப் பின்னால் ஒரே கடியாகக் கடித்துத் துப்பியது. சுனை வற்றினால் வற்றட்டும் என்று கத்தியது.

குபுகுபுவென்று தண்ணீர் கொட்டியது. பாயவில்லை, சீறவில்லை. ஆனால் கை மொத்தத்துக்கு, கெட்டியாக, நிற்காமல் கொட்டியது. சிலுப்பி முதலில் குட்டிகளைக் குடிக்கவிட்டது. பிறகு குழாயைப் பாத்தி பாத்தியாக இழுத்துக்கொண்டுபோய்க் கொடிகளின் தூரில் வைத்தது. மாலைக்குள் தோட்டம் முழுவதும் நனைந்துவிட்டது. குட்டிகள் சேற்றில் புரண்டன. சுனைக்கு ஒரு குறைவும் வரவில்லை.

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தபோது விஷயம் புரிந்தது. தன் வளை சுனைக்கு நாலு பாறைதான் கீழே. அவ்வளவு குறைந்த இறக்கத்தில் தண்ணீருக்கு வேகம் ஏது? வேகமில்லாத தண்ணீரைக் கடுகுத் துளைக்குள் நுழையச் சொன்னால் எப்படி நுழையும்? அகலமான வாய்தான் வேண்டியிருக்கிறது. இவ்வளவுதான் சங்கதி. குரங்கு ஒரு தடவை மேலே வந்து பார்த்திருந்தால் ஒரு கொடிகூடக் கருகியிருக்காது. கடையில் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், பிள்ளை குட்டிக்காரி வயிற்றில் அடித்து, அதற்குமேல் மாட்டத் தெரியவில்லை என்று பழியும் போட்டிருக்கிறது. நினைக்க நினைக்கச் சிலுப்பிக்கு ஆத்திரம் ஏறியது.

விடிந்ததும் மலைச்சரிவில் இறங்கியது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, குரங்கு எல்லாரையும் ஏமாற்றுகிறது, மூக்கைப் பிடுங்கி எறியுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியது. மேல்சரிவில் இருந்த கீரியும் உடும்பும் பயந்து பயந்து பிடுங்கிப் பார்த்தன. தண்ணீர் தாராளமாக வந்தது. இரண்டும் சிலுப்பியை வாயாரப் புகழ்ந்தன. புகழ்ச்சி ஏற ஏறச் சிலுப்பியின் குரலும் ஏறியது. கோபத்தோடு இப்போது பெருமையும் சேர்ந்துகொண்டது. இந்த இரண்டும் சேர்ந்தால் கண் தெரியாது.

அப்படியே கத்திக்கொண்டு அடிவாரத்துக்கு வந்தது. அங்கே ஆலமரத்துக்குப் பக்கத்திலேயே செவியன் என்ற முயலின் கீரைத்தோட்டம். விதை முளைத்து இரண்டு இலை விட்டிருந்த சமயம். செவியன் மூக்கு மாட்டிய குழாயை வானத்தைப் பார்க்கப் பிடித்திருந்தது. உயரே போன தண்ணீர் தூறலாகக் கீரைமேல் விழுந்துகொண்டிருந்தது.

"செவியா, அந்த மூக்கைப் பிடுங்கிப் போடு."

"எதுக்குக்கா? எனக்கு நல்லாத்தானே வருது."

"உன்னையும் ஏமாத்தியிருக்கான். உனக்கு அது தெரியல, அவ்வளவுதான்."

செவியன் தயங்கியது. சிலுப்பிக்குத் தயக்கம் பிடிக்காது. நல்லது சொன்னால் கேட்க வேண்டாமா என்று சீறிக்கொண்டே போய், செவியன் கையிலிருந்த குழாயைப் பிடித்து, மூக்குக்குப் பின்னால் ஒரே கடி கடித்துத் துண்டாக்கியது.

உச்சியிலிருந்து மலை முழுவதும் இறங்கி வந்த தண்ணீர் அது. அடக்கி வைத்திருந்த துளை போனதும் பிய்த்துக்கொண்டு வந்தது. குழாய் செவியனின் கையை உதறிவிட்டுப் பாம்பு போலத் துள்ளித் துள்ளித் தோட்டத்தை அறைந்தது. முதல் அறையில் பாத்தி பிளந்தது. அடுத்த அறையில் நாற்று, விதை, மண் எல்லாம் வேரோடு கிளம்பி ஓடைக்குப் போனது. சிலுப்பி ஓடிப்போய்க் குழாய்மேல் உட்கார்ந்து பார்த்தது. குழாய் அதையும் தூக்கி எறிந்தது. கடைசியில் இரண்டுமாகச் சேர்ந்து குழாயை மடக்கி ஒரு பாறாங்கல்லை உருட்டி வைத்தபோது, கீரைத்தோட்டம் இருந்த இடத்தில் ஒரு பள்ளமும் சேறும்தான் மிஞ்சியிருந்தன.

செவியன் ஒரு நாற்றாவது மிஞ்சியிருக்கிறதா என்று சேற்றில் தேடிப் பார்த்தது. பிறகு திரும்பியது. சாதுவான பிராணி. அதன் கண் அன்றைக்குச் சிவந்திருந்தது.

"எனக்கு எப்படித் தண்ணி வருதுன்னு ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுக் கடிச்சிருக்கலாமேக்கா. குரங்காவது என் தோட்டத்தைப் பாக்காமத்தான் கொடுத்துச்சு. நீங்க நான் நல்லா வருதுன்னு சொல்லியும் பிடுங்கினீங்க."

ஆலமரத்துக் கிளையிலிருந்து கொக்கிவாலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "என் மூக்கு இருந்திருந்தா உன் கீரையும் இருந்திருக்கும் செவியா!" என்று கூவியது.

அது சொன்னது உண்மை. அந்த உண்மைதான் சிலுப்பியைச் சுட்டது. எழுந்து நின்ற முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. தன்மேலேயே கோபம் வந்தால் யாரை முள்ளால் குத்துவது?

ஆனாலும் தலையை நிமிர்த்தி, கத்தாமல் சொன்னது:

"என் தப்பு என் தலையோட இருக்கட்டும். நீ இறங்கி வா. செவியனுக்கு உன் மூக்கு சரியா இருந்தது உன் கெட்டிக்காரத்தனத்தால இல்ல. அவன் தோட்டமும் உன் கடையும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, அதனால. மேல இருக்கிற எங்களுக்கு நீ கொடுத்தது அடைப்பு. இனிமே மூக்கு வேணும்கிற வீட்டுக்கு நீயே நடந்து வந்து, அங்க மாட்டிப் பாத்துட்டுக் கொடு. நானும் இனிமே பாக்காம வாய் திறக்கமாட்டேன்."

கீரியும் உடும்பும் பின்னாலேயே வந்து நின்றிருந்தன. மற்ற மிருகங்களும் கூடிவிட்டன. அத்தனை பேரும் கொக்கிவாலனைப் பார்த்த பார்வையில் அதன் சிரிப்பு பாதியில் நின்றது. கால் வலி, இடுப்பு வலி, மலை செங்குத்து என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தது. ஒருவரும் காது கொடுக்கவில்லை. முனகிக்கொண்டே மூட்டையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு முதல் வீட்டுக்கு ஏறியது.

சிலுப்பி அடிவாரத்திலேயே இருந்தது. ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து, உதிர்ந்த முள்ளால் அதில் துளை துளையாகப் போட்டு, செவியனின் குழாயில் இறுக்கிக் கட்டியது. கல்லை மெல்ல நகர்த்தியது. வந்த வேகமெல்லாம் அத்தனை துளைகளிலும் பிரிந்து பூமாதிரி இறங்கியது. இந்த முறை செவியன் சரி என்று தலையாட்டிய பிறகுதான் கையை எடுத்தது.

அந்தக் கோடையில் வெள்ளரி நன்றாகக் காய்த்தது. காய்த்ததில் பாதியைச் சிலுப்பி மலையிலிருந்து சுமந்துபோய்ச் செவியன் வாசலில் வைத்தது. குட்டிகள் ஏன் என்று சிணுங்கின. செவியனின் கீரையை நான் அழித்துவிட்டேன் என்று ஒளிக்காமல் சொன்னது. தன் பங்கில் குறைத்துக்கொண்டு குட்டிகளுக்குக் கொடுத்தது. செவியன் காய்களை எடுத்துக்கொண்டது. ஆனால் கோடை முடிகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. சிலுப்பியும் பேசு என்று கேட்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

கடையில் பாய்ந்ததைப் பார்த்து நம் வீட்டுக்கு வாங்குவது எவ்வளவு தவறோ, நம் வீட்டில் பாய்ந்ததைப் பார்த்து அடுத்தவர் வீட்டில் மாட்டுவதும் அவ்வளவு தவறு.