பொழுது சாயறதுக்குள்ள காலி பண்ணு

மலையடிவாரத்துல ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊர்ல பொரி வறுத்து விக்கிற பூவாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் சடையன் மரத்துலருந்து விழுந்து காலு முறிஞ்சு, மூங்கில் வச்சுக் கட்டிப் படுத்த படுக்கையா கெடந்தான். கட்டு அவுக்கிற வரைக்கும் ஆள அசைக்கக் கூடாதுன்னு வைத்தியரு சொல்லிட்டாரு. அவங்க குடியிருந்தது வைரவன் பண்ணையாரோட தோப்பு வீட்டுல. வெடியக்காலம் அடுப்ப மூட்டுவா, மத்தியானம் கூடையத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா அலைவா, சாயங்காலம் வந்து புருசனுக்குக் கஞ்சி ஊட்டுவா. குடிக்கூலி ஒரு தடவகூட தப்புனதில்ல. உக்கார நேரமில்லாத பொழப்பு. கொஞ்சம் தள்ளி உக்காருங்கடா, எனக்கும் காலு கடுக்குது.

அப்புறம் ஒரு நாளு அடமழை, அந்த மழையில பண்ணையாரு கொடையப் புடிச்சுக்கிட்டு வந்து வாசல்ல நின்னாரு.

"ஏ பூவாயி, பொழுது சாயறதுக்குள்ள வீட்டக் காலி பண்ணு. என் மருமகன் குதிரை வாங்கிருக்காரு, அதக் கட்ட எடம் வேணும்"ன்னாரு.

"குதிரைக்காங்கய்யா?"ன்னு கேட்டா.

"பின்ன, எனக்கா?"ன்னாரு.

"இவரு கட்டு அவுக்கிற வரைக்கும் பொறுங்கய்யா"ன்னா. முடியாதுன்னாரு. "இந்த மழை விடுற வரைக்குமாவது பொறுங்கய்யா"ன்னா. முடியாதுன்னாரு. "அடுப்புல கஞ்சி கொதிக்குது, அது வேகுற வரைக்குமாவது பொறுங்கய்யா"ன்னா. ஏண்டி கண்ணு, அதுக்குக்கூட முடியாதுன்னுட்டாரு அந்த மனுசன்!

ஆளுங்க வந்து கட்டிலோட சடையனத் தூக்கி ஊர் மண்டபத்துல போட்டாங்க. தூக்கயில கட்டு நழுவி அவன் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டுச்சு. பூவாயிக்கு அழக்கூடத் தெம்பில்ல. மறுநா பக்கத்துல இருந்தவங்ககிட்ட அவனப் பாத்துக்கச் சொல்லிட்டு, நடந்து நடந்து ராசா அரமனைக்குப் போயிட்டா.

நடந்ததையெல்லாம் கேட்டுட்டு, "உனக்கு என்ன வேணும்மா?"ன்னாரு ராசா.

"ஒரு எடத்துல உக்காரணும் சாமி. வேற ஒண்ணும் வேணாம்"ன்னா.

ராசா உடனே பண்ணையாரக் கூப்பிட்டு விட்டாரு. அவரு வந்து, "என் வீடு மகாராசா, நான் போகச் சொன்னா போகவேண்டியதுதானே?"ன்னாரு.

"சரி. நீ இருக்கிற மண்ணு யாரோடது?"

"உங்களோடது மகாராசா."

"என் யானை குட்டி போட்ருக்கு, கட்ட எடமில்ல. பொழுது சாயறதுக்குள்ள உன் பெரிய வீட்டக் காலி பண்ணு."

பண்ணையாரு கையெடுத்துக் கும்பிட்டாரு. "நெல்லுக் குதிரு இருக்கு, மாடு கன்னு இருக்கு, எங்காத்தா கண்ணு தெரியாம கெடக்கா. அறுப்பு முடியற வரைக்கும் தவணை குடுங்க மகாராசா!"

"ஒரு குடும்பம் எடம் மாற அம்புட்டு நாளாகும்னு உனக்கே தெரியுதுல்ல?"ன்னு கேட்டுட்டு, ராசா தண்டோராப் போடச் சொன்னாரு. இனிமே குடியிருக்கிறவங்களப் போகச் சொன்னா அடுத்த அறுப்பு முடியற வரைக்கும் விட்டுவைக்கணும், பூவாயிக்கும் அதே தவணைன்னு.

பண்ணையாரு மூஞ்சி மலந்துபோச்சு. "அப்ப எனக்கும் அறுப்பு வரைக்கும்..."

"தண்டோரா நாளைக்குத்தான். இன்னைக்கு நடக்கிறது நீ போட்ட சட்டம்"ன்னுட்டாரு ராசா.

அன்னைக்கு அந்திக்குள்ள பெரிய வீட்டுல யானை வந்து நின்னுச்சு. சடையனும் பூவாயியும் தோப்பு வீட்டுக்குத் திரும்புனாங்க. மழை இன்னும் விடல. கொஞ்ச நேரத்துல பண்ணையாரு ஆத்தாவத் தோள்ல தூக்கிக்கிட்டு, நனைஞ்சு நடுங்கி வந்து அதே வாசல்ல நின்னாரு.

"ஆத்தா, உள்ள வாங்க. எப்பப் போவீங்கன்னு நான் கேக்கமாட்டேன்"ன்னு கெழவியக் கைப்புடிச்சுக் கூட்டிக்கிட்டா பூவாயி.

"எனக்கு?"ன்னாரு பண்ணையாரு.

"மரத்தடியில குதிரை நிக்குது. அதுகிட்ட எடம் கேட்டுப் பாருங்கய்யா."

சிரிக்காதடா, கேளு. அவரு குதிரை பக்கத்துல போயி ஒண்டி நின்னாரு, அது ஈர வாலால அவரு மூஞ்சில அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம்.

அறுப்பு முடிஞ்சதும் ராசா வீட்டத் திருப்பிக் குடுத்துட்டாரு. பண்ணையாரு அப்புறம் யாரையும் வெரட்டல. ஆனா சடையனுக்குக் காலு கோணலாத்தான் கூடுச்சு. ராசாவால அத நிமுத்த முடியுமா? பூவாயி வீடு திரும்புன அன்னைக்கு அடுப்பு மூட்டல, பொரி வறுக்கல, செவத்துல சாஞ்சு உக்காந்தவ அப்படியே தூங்கிட்டா.

ஒருத்தர எந்திரிச்சுப் போன்னு சொல்லுமுன்ன, அவங்க எங்க போவாங்கன்னு ஒரு தரம் நெனைக்கணும். அம்புட்டுத்தான். கதை அவ வீட்டுக்குப் போயிருச்சு, நீங்க உங்க பாய்க்குப் போங்க.